சூடுதான், வேறொன்றுமில்லை

எங்கள் வீட்டில் எல்லா நோய்க்கும் பெயர் ஒன்றுதான், சூடு. கண் எரிந்தால் சூடு. வயிறு இழுத்துப் பிடித்தால் சூடு. முகத்தில் பரு வந்தால் சூடு. பையன் பரீட்சைக்குப் படிக்காமல் தூங்கி வழிந்தால் அதுவும் சூடு. இந்த இலாகா முழுவதும் அண்ணியின் கையில் இருந்தது. அண்ணி என்றால் என் கணவரின் அக்கா. போளூரில் வாழ்க்கைப்பட்டு, ஒரு வருஷம் முடிவதற்குள் ஒரு பெட்டியோடு சேவூருக்குத் திரும்பி வந்தவர். ஏன் வந்தார் என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. நான் மருமகளாக வந்தபோது இந்த வீட்டில் அடுப்பு, அலமாரி, தறி, தம்பி என்று எல்லாமே அவர் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தன. நானும் போய் அந்த வரிசையில் நின்றுகொண்டேன்.

சூட்டுக்கு அவரிடம் வைத்தியமும் உண்டு. தொப்புளில் விளக்கெண்ணெய், கால் கட்டைவிரல் நகத்தில் ஒரு சொட்டு, காலையில் ஊறவைத்த வெந்தயம், மத்தியானம் நீர்மோர். நானே எத்தனையோ முறை எண்ணெய் வைத்துக்கொண்டு படுத்து, காலையில் எழுந்து, சரியாகிவிட்டது அண்ணி என்று சொல்லியிருக்கிறேன். அதனால் இதைக் கேலி பேசும் உரிமை எனக்கு அவ்வளவாகக் கிடையாது.

என்னைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் ரேஷன் கடையில் பில் போடுகிறவள். சர்க்கரை இன்னும் வரவில்லை, பாமாயில் நாளைக்கு, உங்கள் கைரேகை விழவில்லை என்று நாள் முழுக்க ஊரோடு மல்லுக்கு நிற்பதுதான் என் பிழைப்பு. வாயாடி என்று எனக்குப் பெயர். அந்தப் பெயரில் எனக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அண்ணிக்கு மார்பில் கட்டி வந்தது. அதையும் சூட்டுக்கட்டி என்றே சொல்லிச் சில மாதங்களை ஓட்டிவிட்டார். ஒருநாள் ஜாக்கெட் கொக்கி போட முடியவில்லை என்று என்னைக் கூப்பிட்டபோதுதான் என் கையில் தட்டுப்பட்டது. பிறகு பரிசோதனை, ஆபரேஷன், எல்லாம் வேகமாக நடந்தன. மிச்சம் மீதி இருந்தால் அதையும் அழிக்க வேண்டும், மூன்று வாரத்துக்கு ஒன்றாக ஆறு முறை கீமோ என்றார்கள். ஆஸ்பத்திரி வெளியூரில். இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும்.

முதல் ஊசியின்போது சிவப்பாக ஒரு மருந்து இறங்கியது. அன்று மாலை சிறுநீரும் சிவப்பாகப் போனது. அது மருந்தின் நிறம்தான், பயப்படாதீர்கள் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். ஆனாலும் அண்ணி கழிப்பறையிலிருந்து வெளியே வந்து, பாத்தியா, எவ்ளோ சூடுன்னு என்றார். வீட்டுக்குக் கிளம்பும்போது ஒரு நர்ஸ் எங்கள் இருவரையும் உட்கார வைத்துப் பேசினாள். ஊசி போட்டு ஒரு வாரம் கழித்து ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் இறங்கிப்போகும். அந்தச் சமயத்தில் ஜுரம் வந்தால் அது சாதாரண ஜுரம் இல்லை. மாத்திரை போட்டு அமுக்கிவிட்டு வீட்டில் இருக்கக் கூடாது. எந்த நேரமானாலும் உடனே வந்துவிட வேண்டும். விட்டால் ஒரே நாளில் உயிரே போய்விடும். இதையெல்லாம் அவள் நிதானமாக, விரலை மடக்கி மடக்கிச் சொன்னாள். அண்ணி தலையாட்டிக்கொண்டே கேட்டார். பஸ்ஸில் வரும்போது, அந்தப் பெண் நன்றாகத்தான் பேசுகிறது, ஆனால் சூட்டுக்கு என்ன சாப்பிட வேண்டும் என்று சொல்லவேயில்லை என்று குறைப்பட்டுக்கொண்டார். நான் சிரித்தேன்.

ஒவ்வொரு ஊசிக்கும் முன்னால் டாக்டரைப் பார்க்க வேண்டும். சின்ன வயது டாக்டர், நல்ல மாதிரி. அவர் அறைக்கு வெளியே கூட்டம் மாடிப்படி வரைக்கும் நிற்கும். எப்படிம்மா இருக்கீங்க என்று கேட்பார். பரவாயில்லைங்க, கொஞ்சம் சூடு, அவ்ளோதான் என்பார் அண்ணி. வெயில் அப்படி இருக்கும்மா, தண்ணி நிறைய குடிங்க என்பார் டாக்டர். அதற்குள் கதவு திறந்து அடுத்த ஆள் உள்ளே வந்துவிடுவார். நாங்கள் ஊசி போடும் அறைக்கு நடப்போம்.

அந்தக் கொஞ்சம் சூட்டுக்குள் என்னென்ன இருந்தன என்று கூடவே இருந்த எனக்குத் தெரியும். ஊசி போட்ட அன்று ஆரம்பிக்கும் வாந்தி நான்கு நாள் நிற்காது. தாளிக்கிற வாசனை வந்தால் குமட்டும் என்று, அவர் ஆண்ட அடுப்படிப் பக்கமே அவர் வருவதை நிறுத்திவிட்டார். நகங்கள் கறுத்து, அடியில் தூக்கிக்கொண்டு நின்றன. தறிச் சத்தம் மண்டைக்குள் இறங்குகிறது என்று தம்பியிடம் சொல்ல மனம் வராமல் காதில் பஞ்சு வைத்துக்கொண்டார். தம்பி கூப்பிட்டால் அந்தப் பஞ்சை எடுத்து முந்தானையில் மறைத்துக்கொள்வார். இதையெல்லாம் நான் டாக்டரிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், அண்ணி பேசும்போது நடுவில் புகுந்து பேசி எனக்குப் பழக்கமில்லை. அதைவிட, இவையெல்லாம் சொல்ல வேண்டிய விஷயங்கள் என்றே எனக்குத் தோன்றவில்லை. கேன்சர் என்றால் இப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கொள்கிறவர்கள் பிழைப்பார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஊரில் எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

மூன்றாவது ஊசிக்குப் பிறகு வாய் வெந்துபோனது. உதட்டின் உட்புறம், நாக்கின் ஓரம், தொண்டை வரைக்கும் வெள்ளை வெள்ளையாகப் புண். தண்ணீர் டம்ளரைக் கையில் வாங்கினால் உடனே குடிக்க மாட்டார். கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். பிறகு கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒரு வாய் விழுங்குவார். விழுங்கி முடித்ததும், சூடு அடங்கினால் புண் ஆறிடும் என்று எனக்குச் சமாதானம் சொல்வார். என் கணவர் மணத்தக்காளிக் கீரை தேடி ஆரணி மார்க்கெட்டையே சுற்றி வந்தார். கீரையையும் அவரால் விழுங்க முடியவில்லை.

ஒருநாள் அவருக்குக் கொடுத்த கஞ்சியில் உப்புப் போட மறந்துவிட்டேன். என் சமையலில் உப்பு ஒரு கல் கூடினாலும் குறைந்தாலும் தட்டின் முன்னாலேயே சொல்லிவிடுகிறவர் அண்ணி. கல்யாணமான புதிதில் இதற்காக நான் எத்தனை நாள் கொல்லைப்புறத்தில் போய் அழுதிருக்கிறேன். அன்று அவர் பேசாமல் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். மிச்சத்தைக் குடித்த என் கணவர் சொல்லித்தான் உப்பில்லை என்றே எனக்குத் தெரிந்தது. அண்ணியிடம் போய், ஏன் அண்ணி சொல்லவில்லை என்றேன். எனக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கு, இனிமே உப்பெல்லாம் நீயே பாத்துக்க என்றார். அன்றைக்குத்தான் எனக்கு முதல் முதலாகப் பயம் வந்தது.

பார்க்க வருகிறவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக வருவார்கள். எப்படி இருக்கு என்று கேட்பார்கள். பரவால்ல, சூடுதான் என்பார் அண்ணி. ஆமாம், கீமோ என்றால் பயங்கரச் சூடாச்சே என்று அவர்களும் ஒத்துக்கொள்வார்கள். அந்தச் சொல் எங்கள் ஊரில் அப்படி. அதைக் கேட்டதும் எதிரில் இருப்பவருக்கு ஒரு நிம்மதி வந்துவிடும். தைரியமா இருங்க என்று சொல்லிவிட்டு எழுந்து போவார்கள். ஒருமுறை அவர்கள் போன பிறகு அண்ணி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, தைரியமா இருந்து இன்னா பண்றது என்றார். என்னிடம் கேட்டாரா தனக்குத் தானே கேட்டுக்கொண்டாரா என்று தெரியவில்லை. நான் ஆப்பிளை எடுத்து ஃப்ரிட்ஜில் வைத்தேன்.

நான்காவது ஊசி கத்திரி வெயிலில் வந்தது. போட்டுப் பத்து நாள் இருக்கும், அன்று கடைக்கு லோடு வரவில்லை. கூட்டத்தைத் திட்டி அனுப்பிவிட்டு மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டேன். அண்ணி பாயை ஒதுக்கிவிட்டு வெறும் தரையில் கன்னத்தை வைத்துப் படுத்திருந்தார். கழுத்தில் புறங்கையை வைத்தேன். வைத்ததும் எடுத்துவிட்டேன்.

“அண்ணி, ஜுரம் அடிக்குது.”

“ஜுரம் இல்ல, சூடு. வெயில்ல ஊரே கொதிச்சிகினு கீது, நான் மட்டும் சில்லுனு இருப்பேனா?”

தறியை நிறுத்திவிட்டு என் கணவர் வந்தார். அவரும் தொட்டுப் பார்த்தார். அக்கா சொல்வது சரிதான், இந்த அனலில் யாரைத் தொட்டாலும் இப்படித்தான் இருக்கும், நான் போய் நுங்கு வாங்கி வருகிறேன் என்று செருப்பைத் தேடினார். அந்த நர்ஸ் விரலை மடக்கிச் சொன்னதை நான் சொன்னேன். காதில் வாங்கவில்லை. இரண்டாவது முறையும் சொன்னேன். அக்காவுக்குத் தெரியாததா உனக்குத் தெரியும் என்றார். அதற்கு நான், உங்கள் அக்கா செத்த பிறகு அந்த நுங்கைப் படத்துக்கு முன்னால் வைத்துப் படைக்கலாம், போய் வாங்கி வாருங்கள் என்றேன். இருபது வருஷத்தில் அந்த வீட்டில் நான் அப்படிப் பேசியதில்லை. அவர் போய் வாடகைக் கார் பிடித்து வந்தார்.

அண்ணி மறுக்கவில்லை. குளிக்காமல் மட்டும் வர மாட்டேன் என்றார். நான் கதவுக்கு வெளியே நின்று ஜல்தி, ஜல்தி என்று கத்திக்கொண்டிருக்க, உள்ளே தண்ணீர் விழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஈரத் துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு வந்தார். காரில் முன் சீட்டில், ஏசிக் காற்று நேராக நெற்றியில் படும்படி உட்கார்ந்தார். வெயிலுக்குப் பயந்துதான் அப்படிச் செய்கிறார் என்று நினைத்தேன். வழி முழுக்க அவர் கண்ணைத் திறக்கவில்லை. என் கணவர் பின் சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்து, திறந்திருக்கிற ஒவ்வொரு நுங்குக் கடையையும் பார்த்துக்கொண்டே வந்தார்.

அவசரப் பிரிவில் ஒரு பெண் நெற்றியில் காட்டிச் சூடு பார்க்கும் அந்தக் கொரோனா காலத்துத் துப்பாக்கியை அண்ணிக்கு நேராகப் பிடித்தாள். ஜுரம் இல்லை, நார்மல் என்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. என்ன பிரச்சினை என்று அவள் அண்ணியிடம் கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணி பதில் சொல்லிவிட்டார்.

“சூடுதாங்கம்மா, வேற ஒண்ணுமில்ல. இவதான் பயந்துகினு இட்டாந்துட்டா.”

அந்தப் பெண் சிரித்தாள். அவளும் எங்கள் பக்கத்துப் பெண்தான் போலிருக்கிறது. வெயில்தாம்மா, உட்காருங்க, டாக்டர் வந்ததும் கூப்பிடறேன் என்று பெஞ்சைக் காட்டினாள். விபத்தில் அடிபட்டவர்களும் நெஞ்சு வலிக்காரர்களும் எங்களைத் தாண்டி உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். உடம்பு சூடு என்று வந்தவருக்கு அங்கே என்ன அவசரம்.

கவுண்டருக்கு வெளியே நிற்பது எனக்குப் பழக்கமில்லாத இடம். போய், கீமோ பேஷண்ட்டுங்க என்று மெதுவாகச் சொன்னேன். தெரியும்மா, உட்காருங்க என்று பதில் வந்தது. மறுபடியும் போனேன். தலை நிமிராமலே, கூப்பிடுவோம்மா என்றாள். அந்தக் குரல் எனக்கு நன்றாகத் தெரியும். சர்வர் வேலை செய்யவில்லை, சாயங்காலம் வாருங்கள் என்று நான் சொல்கிற குரல் அது. எதிரில் நிற்பவர் என்ன சொன்னாலும் அந்தக் குரலுக்குள் இறங்காது. ஊரையே வாயால் கட்டி மேய்க்கிற நான், எங்கள் முறை வரட்டும் என்று திரும்பி வந்து அண்ணி பக்கத்தில் உட்கார்ந்தேன். என் கணவர், பார்த்தாயா, ஜுரம் இல்லை என்று அவர்களே சொல்லிவிட்டார்கள் என்றார்.

அண்ணி என் தோளில் சாய்ந்தார். அவர் யார் மேலும் சாய்கிறவர் இல்லை. ஈரத் துண்டு காய்ந்துவிட்டிருந்தது. துண்டுக்குள் கையை விட்டால் தலை கொதித்தது. ஆனால் கைவிரல்களும் பாதமும் சில்லென்று இருந்தன, உதடு நீலம் பாரித்துக்கொண்டு வந்தது. தறியை நிறுத்திட்டானா, சத்தமே காணோமே என்று கேட்டார். தம்பி அவருக்கு எதிரில்தான் நின்றுகொண்டிருந்தார்.

அப்போதுதான் எனக்கு என் குரல் திரும்பி வந்தது. பெஞ்சில் இருந்தபடியே கத்தினேன்.

“இது சூடு இல்லைங்க, ஜுரம். கீமோ போட்டு பத்து நாள் ஆவுது. ரத்தம் எடுத்துப் பாருங்க. பாக்கற வரைக்கும் நானும் விட மாட்டேன், வேற யாரையும் உள்ள போவவும் விட மாட்டேன்.”

சொன்னபடியே எழுந்துபோய் வாசலை மறித்துக்கொண்டு நின்றேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். காவலுக்கு நின்ற ஆள் என் கையைப் பிடிக்க வந்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு நின்றுவிட்டார். உள்ளேயிருந்து ஒரு பெண் டாக்டர் என்ன கலாட்டா என்று வெளியே வந்தார். பெஞ்சில் இருந்த அண்ணியைப் பார்த்தார். கையைப் பிடித்து நாடி பார்த்தவர், என்னைத் திட்டுவதை மறந்துவிட்டு ஸ்ட்ரெச்சர் என்று குரல் கொடுத்தார். அதற்குப் பிறகு யாரும் எங்களை உட்காரச் சொல்லவில்லை. ரத்த அழுத்தம் பாதாளத்தில் இருந்தது, வெள்ளை அணுக்கள் இல்லை என்றே சொல்லலாம் என்றார்கள். ஏன் இவ்வளவு லேட்டாகக் கூட்டி வந்தீர்கள் என்று அந்த டாக்டர் என்னைக் கேட்டார். நான் பெஞ்சைக் கையால் காட்டினேன்.

அண்ணி பிழைத்துக்கொண்டார். சில நாள் தீவிர சிகிச்சை, பிறகு வார்டு. என் கணவர் என்னை நேராகப் பார்த்துப் பேசவே கூச்சப்பட்டார். கேண்டீனிலிருந்து எனக்கென்று காபி வாங்கி வந்தார், இது எங்கள் கல்யாண வாழ்க்கையில் புதிது. எனக்குப் பெருமையாக இருந்தது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். பக்கத்துக் கட்டிலில் வெம்பாக்கத்துப் பெரியம்மா ஒருவர் இருந்தார். அவருடைய சலைன் பாட்டில் தீர்ந்தால்கூட என்னைத்தான் நர்ஸிடம் அனுப்புவார். நீ போய்க் கேளும்மா, உனக்குத்தான் பேச வருது என்பார். நானும் போய்க் கேட்டு, வாங்கிக்கொண்டு வருவேன்.

ஒரு மத்தியானம் என் தங்கை போனில் விசாரித்தாள். நான் கட்டில் பக்கத்திலேயே நின்று முழுக் கதையையும் சொன்னேன். அண்ணிக்கு அது ஜுரம் என்றே தெரியவில்லை, சூடு சூடு என்றே உயிரை விட இருந்தார், நான் மட்டும் அன்றைக்குச் சீக்கிரம் வராமல் இருந்திருந்தால் என்று சொல்லி முடித்தேன். போனை வைத்துவிட்டுத் திரும்பினால் அண்ணி விழித்துக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எனக்குத் தெரியாதுன்னு யாரு சொன்னது?” என்றார்.

நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

“அதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே ஜுரம்தான். நீ கடைக்குப் போனதும் மாத்திரை போட்டுகினு படுத்துப்பேன். நீ வர்ற நேரத்துக்கு எறங்கிடும். அன்னிக்கி மாத்திரை தீந்துபோச்சு. நீயும் சீக்கிரம் வந்துட்ட.”

ஏன் அண்ணி என்று கேட்டேன்.

“முடியலம்மா. ஒரு வாய் தண்ணிக்கு அழுவுறேன், யாருக்கும் தெரியாம அழுவுறேன். நானா எதனா பண்ணிகினா தம்பிக்கு அசிங்கம். ஜுரத்துல போனா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. அந்தப் பொண்ணு அன்னிக்கே சொல்லிச்சே, ஒரே நாள்ல போய்டும்னு. சரின்னு இருந்தேன். நீதான் விடல.”

திட்டுவது போலவும் இல்லை, நன்றி சொல்வது போலவும் இல்லை. கடைக்குப் போன இடத்தில் ஒரு சாமான் கிடைக்கவில்லை என்று சொல்கிற குரலில் சொன்னார். சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

எனக்கு முதலில் வந்தது ஆத்திரம். அவர் தோளைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. நான் அந்த வாசலை மறித்துக்கொண்டு நின்றபோது, இவர் பெஞ்சில் எதற்காகக் காத்துக்கொண்டிருந்தார். அந்த நர்ஸ் சொன்னதை எங்கள் இருவரில் சரியாகக் கேட்டுக்கொண்டவர் அவர்தான். ஒரு வார்த்தை விடாமல் கேட்டு, அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருக்கிறார். குளித்தது, ஈரத் துண்டு, ஏசிக்கு நேரே உட்கார்ந்தது, எல்லாம் நெற்றியைக் குளிரவைக்கத்தான் என்று ஒவ்வொன்றாக எனக்கு விளங்கிக்கொண்டு வந்தது. சூடு என்று சொன்னால் எங்கள் ஊரில் யாரும் அதற்கு மேல் கேட்க மாட்டார்கள் என்பது அந்த இலாகாவை நடத்தியவருக்குத் தெரியாதா. அறியாமை என்று நான் நினைத்தது என் அறியாமைதான். ஆத்திரம் தீர்ந்த பிறகு அழுகை வந்தது. கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மறுநாள் அந்தச் சின்ன வயது டாக்டர் வந்தார். அண்ணியை வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தார். பிறகு, வாய் இப்படி இருக்கிறது என்று ஏன் ஒருமுறைகூடச் சொல்லவில்லை என்று என்னைக் கேட்டார். சாப்பிடும் முன் கொப்பளித்தால் வாய் மரத்து வலி தெரியாமல் இருக்க ஒரு மருந்து இருக்கிறதாம். வலிக்கு மருந்து இருக்கிறதாம். வாந்திக்கு இப்போது தருவதைவிட நன்றாகக் கேட்கிற மருந்து இருக்கிறதாம். ஊசி போட்ட மறுநாளே அணுக்களை ஏற்ற இன்னோர் ஊசி இருக்கிறதாம். எல்லாம் அதே கட்டடத்தில், கீழ்த்தளத்து மருந்துக் கடையில் இருந்திருக்கிறது. அண்ணி அதற்கு நேர் மேலே உட்கார்ந்து பரவாயில்லைங்க, கொஞ்சம் சூடு என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். சாகலாம் என்று ஒரு மனுஷியை நினைக்க வைத்த வலிக்குக் கொப்பளிக்க ஒரு பாட்டில் மருந்து போதுமா. டாக்டரைத் திட்டவும் முடியவில்லை. அவர் கேட்டார், நாங்கள் சொல்லவில்லை. ஆனால் கேட்ட விதத்தில் யார்தான் சொல்லியிருக்க முடியும்.

இன்னும் இரண்டு ஊசி பாக்கி, அளவைக் குறைத்துக் கொடுக்கலாம், விட்டுவிட்டால் திரும்ப வர வாய்ப்பு உண்டு என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்து, கூட்டிட்டு வந்துடுவீங்க இல்ல என்று கேட்டார்.

அண்ணியைப் பார்த்தேன். அவர் முகத்தில் ஒன்றும் இல்லை. அவருக்கு வேண்டாமாம் என்று சொல்ல அந்த இடத்தில் ஒருத்தி இருந்தாள் என்றால் அது நான்தான். முந்தின நாள் அண்ணி சொன்னதை நான் ஒருத்தி மட்டுமே கேட்டேன். என் கணவருக்கும் நான் சொல்லவில்லை. அண்ணியைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றாவது சொல்லியிருக்கலாம்.

“இட்டாரேங்க டாக்டர்” என்றேன்.

ஐந்தாவது ஊசிக்குக் கிளம்பும்போது அண்ணி மறுப்புச் சொல்லவில்லை. புடவையைக் கட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்றார். டாக்டர் அறையில் நான்தான் பேசினேன். வாந்தி எத்தனை நாள், வாயில் எந்தப் பக்கம் புண், வயிறு எப்படிப் போகிறது, ராத்திரி தூக்கம் எவ்வளவு, எல்லாவற்றையும் ஒன்று விடாமல் ஒப்பித்தேன். இப்படித்தாம்மா சொல்லணும் என்று டாக்டர் பாராட்டினார். பக்கத்தில் அண்ணி மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் இருக்கும்போதே அவரைப் பற்றிக் கோள் சொல்வது போல எனக்கு இருந்தது. அவர் மனதில் இருப்பதை மட்டும் சொல்லாமல் மற்ற எல்லாவற்றையும் சொன்னேன்.

மருந்துகள் கேட்கத்தான் செய்கின்றன. வாய்ப்புண் குறைந்திருக்கிறது. கண்ணை மூடாமல் தண்ணீர் குடிக்கிறார். நேற்றுக் கஞ்சியில் உப்பு அதிகம் என்றார். என் கணவர் அதைக் கேட்டு, அக்கா தேறிவிட்டது என்று பக்கத்துத் தறிக்காரர்களிடம் போய்ச் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் அப்படி நினைக்கத்தான் ஆசைப்படுகிறேன். ஆனால் வீட்டில் இருந்த ஜுர மாத்திரை அட்டைகளை எல்லாம் எடுத்துக்கொண்டுபோய் ரேஷன் கடை மேஜைக்குள் பூட்டி வைத்திருக்கிறேன். அக்கம்பக்கத்து வீடுகளிலும் அண்ணி மாத்திரை கேட்டால் கொடுக்க வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். காரணம் கேட்டவர்களிடம், அதெல்லாம் ரொம்பச் சூடு, அவர் உடம்புக்கு ஆகாது என்றேன். யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை.

இப்போது ஊசி போட்டு ஒரு வாரம் தாண்டிவிட்டது. அணுக்கள் இறங்கும் நாட்கள் இவை. தெர்மாமீட்டர் ஒன்று வாங்கியிருக்கிறேன். கடைக்குப் போகும் முன் ஒருமுறை, மத்தியானம் ஓடிவந்து ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை. இப்போதெல்லாம் நான் அவரை எப்படி இருக்கு என்று கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை. தெர்மாமீட்டரை எடுத்தால் தானாகவே கையைத் தூக்குகிறார். அக்குளில் வைத்து, கையை மடக்கி, நழுவிவிடாதபடி அதைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்காருகிறேன். பீப் சத்தம் வரும் வரை இரண்டு பேரும் பேசாமல் இருக்கிறோம். என்ன எண் வர வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டிருக்கிறேன் என்பது அவருக்குத் தெரியும். அவர் எந்த எண்ணுக்குக் காத்திருக்கிறார் என்று கேட்கும் தைரியம் எனக்கு இன்னும் வரவில்லை.